ஒருத்தியின் குதிகால்

ப்ராக் நகரத்தின் கல் பாவிய தெருக்கள் அழகானவை என்று ஜப்பானின் ஒகயாமாவிலிருந்து புறப்படும் முன்பே பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கற்கள் குதிகாலை என்ன செய்யும் என்பதை எவரும் சொல்லவில்லை.

ஷிஹோவின் புதுக் காலணிக்குள் கொப்புளம் உடைந்து, காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வந்த நாள் முதல் அவள் கண்டதெல்லாம் முன்னால் நடந்த வகுப்புத் தோழி கொத்தோனேயின் பிடரியும், அதற்கும் முன்னால் அசைந்த பள்ளியின் மஞ்சள் கொடியும்தான். தேவாலயம் வந்தால் வரிசை நின்றது. நின்றால் தலைகள் எண்ணப்பட்டன. எண்ணி முடித்தால் வரிசை நகர்ந்தது.

இன்று பிற்பகல் மட்டும் விடுதலை. அந்த விடுதலைக்கும் ஒரு சங்கிலி உண்டு: நால்வர் கொண்ட குழு பிரியக் கூடாது, ஒருத்தி முடங்கினால் நால்வரும் விடுதிக்குத் திரும்ப வேண்டும். ஒற்றுமையை வளர்க்கும் விதி என்றது பள்ளி. ஒற்றுமையா அது? ஒருத்தியின் வலியை மற்றவர்களின் வெறுப்பாக அரைத்துத் தரும் இயந்திரம்.

அந்த இயந்திரத்தை ஷிஹோ அறிவாள். நடுநிலைப் பள்ளியில் கியோத்தோவுக்குச் சுற்றுலா சென்றபோது பேருந்தில் வாந்தி எடுத்தாள். அவளால் குழுவுக்குக் கோயிலும் இல்லை, கடைத்தெருவும் இல்லை என்றாயிற்று. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அந்த ஆண்டு முடியும்வரை எவரும் அவளோடு பேசவேயில்லை.

ஆகவே இன்றும் வாய் திறவாமல் நடந்தாள். கற்பாலத்தைக் கடந்தார்கள். கோட்டைக் குன்றின் பாதி ஏற்றத்தில், படிக்கட்டருகே முராசே டீச்சர் குழுக்களைச் சரிபார்த்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். முதற் படியில் ஷிஹோவின் கால் எழவில்லை. காலணியைக் கழற்றினாள். வெள்ளைக் காலுறையில் இரத்தம் பரவியிருந்தது.

அப்படியானால் நால்வரும் விடுதிக்குத்தான் என்றார் டீச்சர், களைத்த குரலில். கொத்தோனே உட்பட மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். அந்த மௌனத்தை ஷிஹோ அடையாளம் கண்டுகொண்டாள்.

"புண்ணு என் கால்லதான் டீச்சர் இருக்கு. இவங்கள ஏன் அடைச்சு வெக்கணும்? இவங்க ஏறட்டும். நான் உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

காலையிலிருந்து நின்றுகொண்டேயிருந்த டீச்சர் படிக்கட்டை நெடுநேரம் பார்த்தார். விதியை மாற்றும் அதிகாரம் தமக்கில்லை என்றார். பிறகு மூவரையும் அடுத்து வந்த குழுவோடு சேர்த்துவிட்டார்.

"தலைமை ஆசிரியர் கேட்டா நான் பேசிக்கிறேன். நீ உக்காரு."

மூவரும் ஏறினார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷிஹோ கைப்பிடிச் சுவரோரம் வெறுங்காலோடு அமர்ந்தாள். முதன்முறையாகக் கண்ணெதிரே எவருடைய பிடரியும் இல்லை. நகரம் முழுவதும் விரிந்து கிடந்தது. ஆயினும் அவள் பார்வை படிக்கட்டை விட்டு அகலவில்லை. அருகே டீச்சரும் சத்தமின்றித் தம் காலணிகளைக் கழற்றிக்கொண்டார்.

வெயில் சாயும் வேளையில் மூவரும் இறங்கி வந்தார்கள். கொத்தோனே நொண்டிக்கொண்டு வந்து ஷிஹோவின் எதிரே நின்றாள். ஷிஹோ மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"மேல ஒரே கூட்டம். முன்னாடி நிக்கிறவன் முதுகத் தவிர ஒண்ணும் தெரியல. எங்களப் படியேற விட்டுட்டு நீ மட்டும் சொகுசா காத்து வாங்குனியாடி, சோம்பேறிக் கழுதை?"

ஷிஹோவின் தோள்கள் தளர்ந்தன. அடக்கிய மூச்சு வெளியே வந்தது.

"என்னடி முழிக்கிற? தள்ளி உக்காரு," என்றாள் கொத்தோனே, தன் காலணியைக் கழற்றியபடி.