பழைய டிஸ்க்கில் எழுதிய கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கண்டுபிடித்து என் மானத்தை வாங்குவதற்கு முன். போன வாரம் என் மனைவியிடம் போனில், "கம்ப்யூட்டர் பறக்குது" என்று சொன்னேன். அது பறக்கவில்லை. ஆனால் சொன்னபோது நானே அதை நம்பினேன். மற்றதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் வந்தவை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அந்தப் பழைய கணினி தன் கடைசி மூச்சை..." சீச்சீ. மழையும் பெய்யவில்லை, கணினிக்கு மூச்சும் கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: "அவள் இல்லாத வீட்டில்..." இதை அழிக்க மனம் வரவில்லை. முடிக்கவும் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

2

இந்தக் கதையில் மூன்றே பேர்தான். நான், என் மனைவி, அவளுடைய அண்ணன்.

மனைவி கட்டட வரைபடம் போடுபவள். சுவர் எங்கே, கதவு எங்கே, குளியலறைக் குழாய் எந்தப் பக்கம் இறங்கும் என்றெல்லாம் கணினியில் வரைந்து தருவாள். ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். கல்யாணத்துக்குப் பிறகும் 'நீ, வா, போ'தான். என் மாமியாருக்கு அதில் தீராத மனக்குறை. பிறகு அவள் வீட்டிலிருந்தே வரைய ஆரம்பித்தபோது இந்த மேசைக் கணினியை இருவரும் சேர்ந்து வாங்கினோம். பகலில் அவள் அதில் வரைவாள். அவள் எழுந்ததும் அதே நாற்காலியில் நான் கதை எழுத உட்காருவேன். நாற்காலி இன்னும் சூடாக இருக்கும்.

வருஷம் போகப் போக அது ஆமையாகிவிட்டது. நாலு மாடி வரைபடத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் குளித்துவிட்டு வருவாள். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். "இதை வச்சுக்கிட்டு எப்படிப் பொழைக்கிறது?" என்று ஒரு நாள் கேட்டாள். வேறு ஊரில், ஒரு ராத்திரி பஸ் தூரத்தில், நல்ல கம்ப்யூட்டர்கள் இருக்கிற நிறுவனத்தில் வேலை கிடைத்தது. போய்விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தடவை வருகிறாள், மறுநாள் சாயங்காலம் பெட்டியைக் கட்டுகிறாள்.

(இந்தப் பத்தியில் என் வருத்தம் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் இல்லாமல் ஏங்கிப்போய்க் கிடக்கிறேன். இதோ, சொல்லிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.)

மூன்றாவது ஆள் மச்சான். எலக்ட்ரீசியன். முதல் பிரதியில் இவர் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் இருந்தார். அவர் வாயைத் திறந்தாலே தத்துவமாகக் கொட்டினார். எந்தக் கடைக்காரர் ஐயா ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்? அவரைத் தூக்கிவிட்டேன். மச்சானிடம் தத்துவம் கிடையாது, திருப்புளி உண்டு.

3

போன மாதம் அவள் போன் பண்ணினாள்.

"வீட்டுல நல்ல மெஷின் இருந்தா அங்கேருந்தே வேலை பாக்கலாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா என்னை இங்கேயே டீம் லீடராப் போட்டுடுவாங்க. அப்புறம் நகர முடியாது."

"ஓ, அப்படியா?" என்றேன்.

போனை வைத்துவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய் எஸ்எஸ்டி என்கிற புது மாதிரி டிஸ்க் ஒன்று வாங்கினேன். சீட்டுக்கட்டை விட மெலிசு. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றும், கேட்டதை ஒரு முள் ஓடி ஓடித் தேடும். இதில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடும்.

மச்சான் வந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். "மாப்ளே, உள்ள ஒரு தலகாணிக்குப் பஞ்சு இருக்கே" என்றார். தூசியை ஊதினோம், இரண்டு பேரும் தும்மினோம். புது டிஸ்க்கைப் பொருத்தி, பழையதில் இருந்த அத்தனையையும் அதில் பிரதியெடுக்க வைத்தோம். அவளுடைய வரைபடங்கள், என் கதைகள், கல்யாணப் போட்டோக்கள், எல்லாம். முடிவதற்குள் மச்சானுக்கு மூன்று போன். யார் வீட்டிலோ கரண்ட் இல்லை.

"பழசையும் உள்ளயே விட்டுடலாம், கூடுதலா இடம் கிடைக்கும்ல" என்று பையை எடுத்துக்கொண்டார். "ஒண்ணு மறந்துடாதே. ஸ்டார்ட் பண்றப்போ செட்டிங்ஸ் உள்ள போயி புதுசை முதல்ல வச்சிடு. இல்லேன்னா பழக்கதோஷத்துல பழசைத்தான் எழுப்பும்."

"சரி மச்சான்" என்றேன்.

பிறகு பட்டனை அழுத்தினேன். திரை வந்தது. முன்பைவிடச் சீக்கிரமாக வந்ததுபோல் இருந்தது. அன்றிலிருந்து மூன்று வாரம் அதில்தான் எழுதினேன். வேகத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். அதற்கப்புறம்தான் அந்த போன், அதற்கும் பிறகுதான் இந்தக் கதை.

"பறக்குது!"

"நிஜமாவா?" அவள் குரல் கொஞ்சம் ஏறியது. "அப்போ ஞாயித்துக்கிழமை வந்து பாக்கட்டா?"

"உன் இஷ்டம்."

4

இந்த இடத்தில் கதைசொல்லி என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. புதுசை முதலில் வைக்கச் சொல்லி மச்சான் சொன்னதை இவன் மறந்துவிட்டான் என்று முதல் பிரதியில் எழுதினேன். எழுதுவதற்கு அதுதான் சுலபம். ஆனால் எந்த விசையை அழுத்த வேண்டும் என்று திரையின் அடியில் எழுதியே இருந்தது. விரலும் அதன் பக்கத்தில்தான் இருந்தது.*

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதுமாதிரி நான் இரண்டு வருஷமாக இந்தப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இது மெதுவாக ஓடியதால்தான் அவள் போனாள். அப்படி இருக்கும்வரை எனக்கு ஒரு நிம்மதி. இது வேகமாக ஓடி, அதற்குப் பிறகும் அவள் வராவிட்டால்? அப்போது நான் யாரைத் திட்டுவது?

* மறதியா, பயமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால் கதை எழுதியிருக்க மாட்டேன், நேராக மச்சானுக்குப் போன் பண்ணியிருப்பேன்.

5

இன்று காலை வந்தாள். முகம் கழுவினாள், டீ குடித்தாள், நேராக நாற்காலியில் உட்கார்ந்து நாலு மாடி வரைபடத்தைத் திறந்தாள்.

வட்டம் சுற்றியது. சுற்றியது. நான் டம்ளரைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய டம்ளர்தான். திரும்பி வந்தால் அவள் குனிந்து பெட்டியில் காதை வைத்திருந்தாள். உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம்.

"புது டிஸ்க்குக்குச் சத்தமே வராதே. இது யாரு கத்துறது?"

 அவள் கணினியை அணைத்து, மறுபடி போட்டு, செட்டிங்ஸில் நுழைந்து, புதியதை மேலே கொண்டுபோய் வைத்தாள். நான் டம்ளரைத் துடைத்து வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

"வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது! அதை எழுதத்தான் இத்தனை பக்கமும் என்றுகூடத் தோன்றுகிறது.

பட்டனை அழுத்தி, வரைபடத்தைத் தொட்டாள். "இப்ப எவ்ளோ..." என்று நான் ஆரம்பித்தேன். நாலு மாடியும் திரையில் வந்து நின்றன.

6

"கதை எழுதிட்டிருக்கேன்னு சொன்னியே, அது எங்கே?" என்று தேடினாள். பிரதியெடுத்த பிறகு எழுதியதல்லவா? புதியதில் அது இல்லை. "பழசுல இருக்கும், அவசரமில்லை, விடு" என்றேன். விடுவாளா? பழைய டிஸ்க்கைத் திறந்து, கோப்பை இந்தப் பக்கம் கொண்டுவந்து, படிக்க ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் இதுவரை படித்த நாலு பகுதிகளையும்தான்.

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எதிர்வீட்டில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் அடித்தார்.

"நான் குளிக்கப் போவேன்னு எழுதியிருக்கே. தப்பு. துணி காயப் போடப் போவேன். குளிக்கப் போறது நீ" என்றாள். (திருத்தவில்லை. அவள் கண்டுபிடித்த தவறு, இருக்கட்டும்.)

 திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தாள். கோபமும் இருந்தது.

"இவ்வளவு ஏக்கத்தை வச்சுக்கிட்டா என்கிட்ட 'உன் இஷ்டம்'னு சொன்னே?"

"உன் வேலை... நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னு..."

"போகும்போதும் உன் இஷ்டம்னே. வரட்டான்னு கேட்டாலும் உன் இஷ்டம்கிறே. நான் என்னன்னு எடுத்துக்கறது? இவனுக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லேன்னாலும் ஒண்ணுதான்னு நினைச்சுட்டு அங்க தனியா உக்காந்திருக்கேன். டிஸ்க் வாங்கினே, சரி. வான்னு ஒரு தடவை வாயால சொன்னியா?"

நான் திரையில் நின்ற கதையைப் பார்த்தேன்.

"மெஷின் இப்ப ஜோரா ஓடுது. இனிமே அது மேல பழி போட முடியாது. நாளைக்கு ஆபீஸ்ல பதில் கேப்பாங்க" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

7

அவள் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்துதான் இதைத் தட்டுகிறேன். மூன்று முடிவுகள் யோசித்தேன்.

அவன் மறுபடியும் 'உன் இஷ்டம்' என்கிறான்; அவள் பஸ் ஏறுகிறாள். பாத்திரத்துக்குப் பொருத்தமான முடிவு, விமர்சகர்கள் மெச்சுவார்கள். அவர்களுக்கென்ன, கூட உட்கார்ந்து சாப்பிட வீட்டில் ஆள் இருக்கிறது.

மச்சான் வந்து, "என்னம்மா இது, அவன் சொல்லத் தெரியாம முழிக்கிறான்" என்று சமாதானம் செய்கிறார். வேண்டாம். திருப்புளி பிடித்தவரை எல்லாவற்றையும் கழற்றி மாட்டச் சொல்வது நியாயமில்லை.

மூன்றாவதில் அவளே வந்து, "சரி, நான் இங்கேயே இருக்கேன்" என்கிறாள். இதைத்தான் ஆசை ஆசையாக எழுதினேன், ஒரு பக்கம் முழுக்க. படித்துப் பார்த்தால், அதில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் அவள் தலையிலேயே கட்டியிருக்கிறேன். அழித்துவிட்டேன்.

உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்கிறது. துணியை எடுக்கிறாளா, வைக்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. இன்னும் ஒரு வரி எழுதினால் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் உள்ளே போய் அவளிடம்