வாய்க்குள் ஒரு வாஷிங் மெஷின்

சலூன்காரருக்கு அந்தத் தெருவில் ரேடியோ என்று பெயர். கடை திறக்கும்போதே பேச்சும் திறக்கும். ஷட்டர் இறங்கும்வரை ஓயாது. வருகிறவர்களில் சிலருக்கு வெட்டுவதற்கு முடியே இருக்காது. பேச்சைக் கேட்கத்தான் வருவார்கள்.

பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போனபோதும் ரேடியோ நிற்கவில்லை. மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"எதிர்ல அவ்வளவு பெரிய கண்ணாடி. உக்காந்திருக்கிற அத்தனை பேரும் உங்க பொக்கை வாயத்தானே பாத்துக்கிட்டிருக்காங்க?"

வாஷிங் மெஷினுக்கென்று வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தை அப்படியே கொண்டுபோய்ப் பல் டாக்டரிடம் கொடுத்தாள். அவரும் மாவு மாதிரி எதையோ வாயில் அழுத்தி அளவெடுத்து, மெழுகில் வைத்துச் சரிபார்த்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு செட் பல்லை மாட்டிவிட்டார்.

அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் புருஷனை வாய் திறக்கச் சொல்லிக் காட்டுவாள். "நல்லாப் பாத்துக்குங்க, என் வாஷிங் மெஷின் அங்கதான் இருக்கு." சொல்லிவிட்டு அழுக்குத்துணி வாளியோடு குளியலறைக்குப் போவாள். ரேடியோவுக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கும்.

பல்லை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் விலாவாரியாகச் சொல்லித்தான் அனுப்பினார். ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். மெதுவான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கழுவும்போது கைதவறி விழுந்தாலும் உடையாதபடி கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ள வேண்டும். இன்னும் என்னென்னவோ சொன்னார். பாவம், அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் ரேடியோ தன் பக்கத்துக் கடைக்காரரின் கோர்ட் வழக்கை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காதில் விழுந்தவரையில், சுத்தம் என்ற ஒன்றுதான் மனதில் நின்றது. சுத்தத்தைப் பற்றி இவருக்கா பாடம்? கடையில் கத்தரிக்கோலும் கத்தியும் தினமும் கொதிக்கிற தண்ணீரில் முங்கி எழுந்த பிறகுதான் இன்னொருவர் தலையைத் தொடும். ஒருநாள் காலை, மேல் செட்டையும் கழற்றி அதே பாத்திரத்தில் போட்டுவிட்டார் மனிதர்.

எடுத்து ஆறவைத்து மாட்டினால், யாருடைய பல்லோ போல இருந்தது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பேச வாயெடுத்ததும் சரிந்து நாக்கின்மேல் விழுந்தது.

அவளுடைய வாஷிங் மெஷினை அல்லவா கொதிக்கவைத்துவிட்டார்! கழற்றி வைத்தால் ஏன் என்று கேட்பாள். மாட்டிக்கொண்டு பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும். மாட்டிக்கொண்டு வாயை மூடியிருப்பது ஒன்றுதான் வழி என்று முடிவெடுத்தார்.

அன்றோடு ரேடியோ நின்றது. என்ன கேட்டாலும் தலையாட்டல், மிஞ்சினால் ஒரு 'ம்'. யாரோ சொந்தத்தில் போய்விட்டார்கள் என்றார் ஒருவர். கடையை விற்கப்போகிறார் என்றார் இன்னொருவர்.

வீட்டில்தான் பெரிய கஷ்டம். சாயங்காலம் அவள் துணி துவைக்கும்போது குளியலறை வாசலில் உட்கார்ந்து தெருக்கதை எல்லாவற்றையும் ஒப்பிப்பது அவர் வழக்கம். அதுவும் நின்றது. "பல்லு வந்ததும் பெரிய மனுஷனாயிட்டீங்களோ?" என்று அவள் முதலில் கேலிதான் செய்தாள். நாளாக ஆகக் கேலியும் குறைந்தது. ஒருநாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் கட்டாயப்படுத்தித்தானே பல்லு வெச்சுக்கிட்டீங்க. அந்தக் கோவமா? பொக்கை வாயா இருந்தப்பவாவது எங்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க."

இல்லை என்று கத்த வாயெடுத்தார். பல் சரிந்தது. "ம்" என்றார்.

மறுநாள் முடி வெட்டிக்கொள்ள வந்தவர் அதே பல் டாக்டர்.

"பல் எப்படி இருக்கு?"

"ம்."

"வலி ஏதாவது?"

"ம்ஹூம்."

டாக்டர் கண்ணாடியில் அவரை உற்றுப் பார்த்தார். "உங்க கடையில கத்தரிக்கோல் சத்தம் எனக்குக் கேக்குறது இதுதான் முதல் தடவை. உக்காருங்க இப்படி." கழுத்தில் கட்டிய துணியோடும் பாதி வெட்டிய தலையோடும் எழுந்து, சலூன்காரரை அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"சுடுதண்ணில போட்டீங்களா?"

ரேடியோ பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கொதிக்கிற தண்ணி டாக்டர்" என்றார்.

"சூடு ஆகவே ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேனே!"

"நான் பேசிக்கிட்டிருந்தேன் டாக்டர்."

டாக்டர் சிரித்து ஓய்ந்து, வளைந்தது இனி நிமிராது, மேல் செட்டைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும், பாதிச் செலவு ஆகும் என்றார்.

"வீட்டுக்குத் தெரியாம முடிச்சிரலாமா?"

"முடிக்கலாம். சில வாரம் ஆகும். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்துருவீங்களா?"

இவ்வளவு நாள் இருந்ததே அவருக்குப் பிராணன் போனமாதிரி இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இரண்டு செட்டையும் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டார். ஒரு வாளியைக் கவிழ்த்துக் குளியலறை வாசலில் உட்கார்ந்து, கோர்ட் வழக்கில் ஆரம்பித்தார். பொக்கை வாயில் பேச்சு குழறியது. அவர் விடவில்லை. அவள் கை துணியிலேயே நின்றுவிட்டது. கதை கடை ஸ்டவ்வுக்கு வந்தது.

"கொதிக்க வெச்சீங்களா? என் மெஷினையா?"

"பாதி மெஷின்தான்ம்மா. கீழ்ப்பாதி நல்லாத்தான் இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சோப்புக் கையால் கண்ணைத் துடைக்கப்போய் எரிச்சலில் இன்னும் கண்ணீர் வந்தது. சோப்பினால் மட்டும் வந்த கண்ணீர் இல்லை அது.

"இத்தனை நாளும் இதுக்குத்தானா?"

"உன் பணமாச்சே. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்கிட்ட சொல்றது?"

"மெஷின் போனாப் போகுது. உங்க பேச்சு இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியல."

நனைந்த படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவர் கையில் திணித்தாள். "பிடிங்க. புது மெஷின் வர்ற வரைக்கும் இனிமே நீங்கதான் மெஷின். முறுக்கிக்கிட்டே சொல்லுங்க, டாக்டரோட மீதித் தலை என்னாச்சு?"