பார்க்காமல் விட்ட நஞ்சுக்கொடி

பையன் என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால், அவனுடைய அம்மா "குழந்தை டாக்டர்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். பொய் இல்லை, பாதி உண்மை. இறந்துபோன குழந்தைகளையும், உயிரோடு இருக்கும் குழந்தைகளின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த கட்டிகளையும் சோதித்து, என்ன நோய் என்று கண்டுபிடித்துச் சொல்கிற மேற்படிப்பு அவனுடையது. அதில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்த விவரம் தெரியாமல் மேல்வீட்டுக்காரி ஒருநாள் லொக்கு லொக்கென்று இருமுகிற மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். தொண்டையைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தான். அவர்கள் படியேறிப் போனதும், "என்கிட்ட வர்ற பிள்ளைங்க இருமாதும்மா" என்றான். அம்மா முறைத்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த தங்கைதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவளுக்கு எட்டாவது மாதம்.

அந்தச் சிரிப்பு அடங்கிச் சில நாட்களுக்குள்ளேயே, "அண்ணா, காலையிலேருந்து குழந்தை அசையவே இல்ல" என்று வந்து நின்றாள். அவன் படிக்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனான். ஸ்கேன் எடுத்த பெண் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

பிரசவம் பார்த்த டாக்டரம்மா நல்ல மனுஷி. எல்லாம் முடிந்த பிறகு கட்டிலருகே உட்கார்ந்து, "ஏன் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அடுத்த தடவைக்கு நல்லது. குழந்தையைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். தங்கையின் கணவர் அவன் முகத்தைப் பார்த்தார். தங்கையும் அவனைத்தான் பார்த்தாள். "நீ என்னண்ணா சொல்ற?"

அந்த வாரம்தான் அவன் முதன்முறையாக யார் துணையும் இல்லாமல் அதே அளவுக் குழந்தை ஒன்றைத் திறந்து பார்த்திருந்தான். வேலை முடிந்து, தையல் தெரியாமல் முடியைச் சீவிவிட்டு, குல்லாய் போட்டு அனுப்பியிருந்தான். யாருடைய குழந்தையாக இருந்தாலும் அங்கே மரியாதையாகத்தான் நடத்துவார்கள். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மேசையில் தங்கையின் மகளை நினைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

"வேண்டாம்மா, முழுசா அனுப்பி வைப்போம்" என்றான்.

டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. வெளியே நடைவழியில் அவனை நிறுத்தி, "நஞ்சுக்கொடியை மட்டுமாவது உங்க டிபார்ட்மென்டுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

"அதுல என்ன மேடம் இருக்கப்போகுது? விட்டுடுங்க."

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய பிரிவில் நஞ்சுக்கொடி என்றால் புதுசாகச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் இளக்காரம். மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளிகளில் வரும். எடை போட்டு, அளந்து, துண்டு போட வேண்டும். இன்றைக்கு யார் தலையில் விழும் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். கட்டி வந்தால் கூடி நின்று பார்ப்பவர்கள் வாளி வந்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இரண்டாம் வருஷத்தில்தான் அந்த இளக்காரம் போனது. ஒரு பெரிய டாக்டர் பாடம் எடுக்கும்போது, "குழந்தைகிட்ட ஒண்ணுமே கிடைக்காத இடத்துல பல தடவை நஞ்சுக்கொடிதான் பதில் சொல்லும். சில கோளாறு அடுத்த கர்ப்பத்துலயும் திரும்ப வரும்" என்றார். அவனுக்குச் சுருக்கென்றது. தங்கை மறுபடியும் உண்டாகியிருந்தாள். சொல்லலாமா என்று யோசித்தான். அவளே இப்போதுதான் கொஞ்சம் முகம் தெளிந்திருக்கிறாள், பழசைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டான். ஒருமுறை நடந்தது மறுமுறையும் நடக்கத்தான் வேண்டுமா என்ன? மனசுக்கு அப்படி ஒரு சமாதானம்.

ஆறாவது மாதத்தில் நடந்தது.

இந்த முறை யாரும் அவனைக் கேட்கவில்லை. அவன் ஓடிவந்து சேர்வதற்குள் தங்கை பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

தன் சொந்தக்காரர் கேஸை யாரும் தொடக்கூடாது என்பது அங்கே விதி. கூடப் படிக்கிற பெண்தான் எடுத்துக்கொண்டாள். கண்ணாடியின் கனத்தை வைத்து எல்லோரும் அவளைச் சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள். கதவுக்கு வெளியே அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே தண்ணீர் திறக்கிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம். இன்னின்ன சத்தத்துக்கு இன்னின்ன வேலை என்று அவனுக்கு மனப்பாடம். அதுதான் கொடுமையாக இருந்தது. நெடுநேரம் கழித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"பிள்ளை மேல ஒரு குறையும் இல்லடா. கண்ணு மூக்கெல்லாம் அவ்வளவு லட்சணம். நஞ்சுக்கொடிதான். கல்லு மாதிரி இருக்கு, கத்தியே இறங்க மாட்டேங்குது."

சில நாள் கழித்து மைக்ராஸ்கோப்பில் அவனையும் பார்க்கச் சொன்னாள். குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் போக வேண்டிய இடமெல்லாம் மெழுகு ஊற்றி அடைத்தது போலக் கிடந்தது.

"இது திரும்ப வர்ற வகை. முன்னாடியே தெரிஞ்சா ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டுப் பார்ப்பாங்க. முதல் தடவையும் இதுவாத்தான் இருந்திருக்கும். அப்ப யாருடா பார்த்தது? ஸ்லைடை எடுத்துக் கொடு, ஒத்துப் பார்த்துடலாம்."

அவன் எழுந்து போனான்.

ரிப்போர்ட் போன மறுநாள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினான். எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பது என்று பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கதவைத் திறந்தவள் உள்ளே போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். திரும்பாமலே பேசினாள்.

"டாக்டரம்மா சொன்னாங்க. போன தடவையே நஞ்சுக்கொடியை அனுப்பட்டுமான்னு உன்னைக் கேட்டாங்களாமே."

"கேட்டாங்க" என்றான்.

"பிள்ளையைக் குடுக்க உனக்கு மனசு வரல. அது புரியுது, எனக்குந்தான் வரல. ஆனா கொடி தூக்கிப்போடறதுதானே அண்ணா? அதைப் பார்க்கக்கூடவா உனக்கு முடியல?"

"தெரிஞ்சிருந்தாலும் இந்தக் குழந்தையைக் கண்டிப்பா காப்பாத்தியிருக்கலாம்னு சொல்ல முடி..."

"சொல்லாத." துணியைப் பிழிந்தாள். "அது நிஜமாவே இருக்கட்டும். நீ சொல்லாத."

அவள் அழுதிருந்தால் பக்கத்தில் போயிருப்பான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். இரண்டும் இல்லை. டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தான்.

அதன்பிறகு பேச்சு நின்றுபோய்விடவில்லை. அம்மாவின் முழங்கால் வலி, வீட்டு வாடகை என்று போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்றாவது முறை உண்டானதை மட்டும் அவள் சொல்லவில்லை. வேறு ஆஸ்பத்திரியில் பார்த்தாள். வயிறு நன்றாகத் தெரிந்த பிறகுதான் அம்மா, வாயை விட்டுவிட்டோமே என்கிற முகத்தோடு அவனிடம் சொன்னாள். அவனும் தங்கையிடம் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளவில்லை.

நாள் நிறைவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. கைக்கு அடக்கமாக, சிவப்பாக, அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரலோடு. தங்கை வீட்டுக்கு வந்த பிறகு போய்ப் பார்த்தான். படிப்பு முடிந்து அதே பிரிவில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அதைச் சொன்னான். "நல்லது" என்றாள்.

"ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டாங்களாம்மா?"

"தினமும் வயித்துல. இவர்தான் போட்டுவிட்டார்."

அவன் மச்சானைத் திரும்பிப் பார்த்தான். ரத்தத்தைக் கண்டாலே மயங்கி விழுகிற ஆள். வெட்கத்தோடு, "முதல் நாள் என் கைதான் ஆடுச்சு, அவ அசையல" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தினமும் நானே வந்து போட்டிருப்பேன்."

"தெரியும் அண்ணா" என்றாள் தங்கை. கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து, "தூக்குறியா?" என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டான். இந்த அளவுப் பிள்ளைகளை எத்தனையோ ஏந்திய கை அது. குழந்தை கையில் சூடாக நெளிந்தது; உதட்டைப் பிதுக்கி அழுவதற்குத் தயாரானது. அவனுக்கு எப்படிச் சமாதானப்படுத்துவது என்று தெரியவில்லை. தங்கை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டாள்.