நாலில் ஒரு பங்கு

அந்தத் தாவரவியல் விரிவுரையாளர் குழுவாகப் படிக்கும் முறையைக் கொண்டுவந்ததற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு அவருடையது. பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் பாதித் தலைகள் மேசையில் கிடக்கும். ஒருநாள் பெஞ்சுகளை எதிரெதிராகத் திருப்பிப் போடச் சொன்னார். நான்கு பேருக்கு ஒரு குழு. வேர் ஒருவருக்கு, தண்டு ஒருவருக்கு, இலையும் பூவும் மற்ற இருவருக்கு. அவரவர் பங்கைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். நால்வருக்கும் புரியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

வகுப்பு சந்தைக்கடை ஆனது. தூக்கம் போனது.

ஜன்னலோரக் குழுவில் ஒரு தையல்காரர் மகள் இருந்தாள். வாயாடி என்றால்தான் கல்லூரியில் அவளைத் தெரியும். கூடவே நெட்டை, கண்ணாடி என்று இரண்டு பேர். நாலாவது பையன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பவன். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்து, அதுவும் நீளமென்று கோட்டான் ஆக்கியிருந்தார்கள். அவனுக்கு வேர் விழுந்தது. அவன் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போவான்; மூவரும் தலையை நெருக்கிக் கேட்பார்கள். அத்தனை இரைச்சலிலும் அந்த மூலை மட்டும் கதவடைத்த அறைபோல இருக்கும்.

மாதத் தேர்வில் நால்வரின் தாள்களும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. ஒரே சொல்லில் தப்பு செய்து, ஒரே இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தார்கள். காப்பி என்று நினைத்த விரிவுரையாளர் ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்து, அப்போதுதான் யோசித்த கேள்வியைக் கொடுத்தார். மறுபடியும் அதே கதை. போதாததற்கு, நான்கு தாளிலும் வேரின் படத்துக்குக் கீழே சம்பந்தமில்லாமல் ஒரு வரி: உள்ளே கைப்பிடி இல்லை.

"இது என்னம்மா?"

வாயாடி தாளை வெகுநேரம் பார்த்தாள். "என் கையெழுத்துதான் மிஸ். ஆனா நான் எழுதல."

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்தார். கழுத்திலிருந்த அளவு டேப்பைக் கழற்ற மறந்திருந்தார்.

"நீங்க வகுப்புல என்ன சொல்லித் தர்றீங்க மேடம்?"

"செடி கொடி பத்திதான். ஏன்?"

"என் பொண்ணு வீட்ல ஃப்ரிட்ஜ் கதவை மூடவே விட மாட்டேங்கறா. பாலெல்லாம் கெட்டுப் போகுது. யாராவது மூடினா ஓடி வந்து திறந்து, உள்ள கையை விட்டுத் தேடறா. கேட்டா, தங்கச்சி ஒளிஞ்சிருக்காங்கறா." குரல் தழைந்தது. "எங்களுக்கு அவ ஒருத்திதான் மேடம்."

விரிவுரையாளர் மற்ற மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். கோட்டான் மறைக்கவில்லை. சின்ன வயதில் அவனும் தங்கையும் கண்ணாமூச்சி ஆடினார்கள். கொல்லையில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று கிடந்தது; உள்ளேயிருந்து திறக்க முடியாதது. அவன் தேடித் தேடிச் சலித்து, சாப்பிட உள்ளே போய்விட்டான்.

"இதை அவங்ககிட்டச் சொன்னியா?"

"இல்ல மிஸ். வேர் பத்தி மட்டும்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல மனசு லேசாச்சு. இப்ப நாலுல ஒரு பங்குதான் எங்கிட்ட இருக்கு." அவன் மேசையின் விளிம்பைத் தடவினான். "எங்களைப் பிரிச்சிடாதீங்க. பிரிச்சா அது யார்கிட்ட முழுசாப் போகும்னு தெரியாது."

பார்க்கலாம் என்று அவனை அனுப்பிவைத்தார். ஆனால் தையல்காரரின் முகம் கண்ணிலேயே நின்றது. மறுநாள் நால்வரையும் நான்கு குழுக்களில் போட்டார். அன்று எதுவும் நடக்கவில்லை.

அதற்கடுத்த நாள் கோட்டான் வகுப்புக்குள் சிரித்துக்கொண்டே வந்தான். நெட்டையை முதுகில் தட்டிக் கேலி செய்தான். நெட்டையும் கண்ணாடியும் எப்போதும்போல இருந்தார்கள். வாயாடி மட்டும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டபோது எழுந்து போய்த் திறந்துவைத்துவிட்டு வந்தாள்.

விரிவுரையாளர் கோட்டானைத் தனியே நிறுத்தினார். "உன் தங்கச்சி..."

"எனக்கேது மிஸ் தங்கச்சி? வீட்ல நான் ஒரே பையன்தான்." அவன் கண்ணில் பொய் இல்லை.

அன்றே பழைய குழுவை மறுபடி சேர்த்து உட்காரவைத்தார். நால்வரும் மகரந்தச் சேர்க்கையைப் பற்றி மளமளவென்று பேசினார்கள். கொடுத்த கேள்விக்கு நான்கு விதமாக விடை எழுதினார்கள். வாயாடியிடம் போனது திரும்பவில்லை.

சில வாரங்கள் கழித்துத் துறை வராந்தாவில் ஒரு பெண்மணி காத்திருந்தார். கோட்டானின் அம்மா என்றார்.

"நல்லா இருக்கானே உங்க பையன்," என்றார் விரிவுரையாளர், அவசரமாக.

"நல்லா இருக்கான் டீச்சர். நிம்மதியாத் தூங்கறான். நான் அவனைப் பார்க்க வரல. அந்தப் பொண்ணைப் பார்க்கணும்."

"எந்தப் பொண்ணை?"

"தானா வீடு தேடி வந்தா. கொல்லைப்பக்கம் போய் நின்னா. அப்புறம் எங்க சின்னவ சிரிச்சா எந்தப் பல்லு தெரியும், கோவம் வந்தா எங்க போய் ஒளிஞ்சுக்குவான்னு ஒண்ணொண்ணாச் சொன்னா. நானே மறந்ததெல்லாம் சொன்னா." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "அவளைப் பத்திப் பேச எனக்கு இப்ப வேற ஆள் இல்ல டீச்சர்."

விரிவுரையாளர் படியேறி வகுப்பறைக்குப் போனார். அவர் வாயைத் திறக்கும் முன்பே வாயாடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திறந்த கதவருகே தயாராக நின்றாள்.

"அம்மா வந்துட்டாங்களா மிஸ்?" என்றாள்.