நான்காவது டம்ளரும் மாரிசெல்வியின் போனும்

பீர் ருசி பார்ப்பதற்குச் சம்பளமும் கொடுத்து ரயில் டிக்கெட்டும் எடுத்துத் தருவார்கள் என்றால் சிவகாசியில் எவனும் நம்ப மாட்டான். என் பெண்டாட்டி மாரிசெல்வியும் நம்பவில்லை.

"ருசி பாக்கவா போறீக? உங்களுக்கு என் கொழம்புல உப்பில்லன்னு கண்டுபிடிக்கவே மூணு வாய் வேணும்."

"நான் அட்டை விக்கப் போறேன் புள்ள. அவங்களா குடிக்கச் சொன்னா மோந்து பாத்துட்டு வச்சிருவேன்."

"மோந்து பாத்தே மயங்கி விழுகுற ஆளுதான நீங்க. யாராச்சும் தூக்கிவிட ஆளிருக்கான்னு பாத்துட்டு மோந்து பாருங்க."

நான் வேலை பார்ப்பது பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில். ஆர்டர் குறைந்து மிஷின் பாதி நாள் சும்மா நின்றபோது, முதலாளி சீனிச்சாமி அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்கு பெங்களூர் போய்விட்டு ஞானம் பெற்றுத் திரும்பினார்.

"அங்கன ஒவ்வொரு கடையும் சொந்தமா பீர் காய்ச்சுறான்லே. கடைக்குள்ளேயே பெரிய பெரிய அண்டா. ஒவ்வொரு டம்ளருக்கும் அடியில ஒரு அட்டை வைக்கான். டம்ளர் வேர்த்தா அட்டை ஊறிப்போவும், தூக்கிப் போட்டுட்டு அடுத்த அட்டை. நம்ம சரவெடிகூட அம்புட்டு வேகமாத் தீராதுலே பெத்தணா!"

பெத்தணன் என்கிற என்னை அனுப்பியதற்குக் காரணம் என் விற்பனைத் திறமை அல்ல. பிரஸ்ஸில் குடிக்காத ஒரே ஆள் நான். குடிக்கிறவனை அனுப்பினால் அட்டை மட்டும் திரும்பி வரும், ஆள் வரமாட்டான் என்று அண்ணாச்சி கணக்குப் போட்டார்.

ஆனால் குடிக்காதவனை அந்தக் கடைகளில் ஆளாகவே மதிக்கவில்லை. முதல் கடையில் நான் தண்ணீர் கேட்டதும் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது கடையில் கொஞ்சம் நாக்கில் வைத்தேன். மேனேஜர் உட்கார்ந்து பேசினார். மூன்றாவது கடைக்கு வருவதற்குள் நான் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவும், மூக்கால் ஆழமாக இழுக்கவும், கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்" என்று சொல்லவும் பழகியிருந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் என்னைப் பெரிய ஆள் என்றே நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே அப்படித்தான் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

மூன்றாவது கடையை நடத்துகிறவர் அருணாதேவி. ஓசூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அண்டாக்களுக்கு நடுவில் இருந்து வந்தார். ஒரு நீளப் பலகையில் ஆறு குட்டி டம்ளர்களை வரிசையாக வைத்தார்.

"ஆறும் நான் காய்ச்சினது. குடிச்சுப் பார்த்து என்ன தோணுதோ சொல்லுங்க சார். அந்தந்த பீருக்கு அந்தந்தப் படம் போட்டு அட்டை வேணும்."

முதலாவது கோதுமையில் காய்ச்சியது. கொத்தமல்லி விதை வாசம். ரசம் மாதிரி இருக்கு என்றேன், சிரித்தார். இரண்டாவதில் மாம்பழம். மூன்றாவது புளித்த பீர். அதைக் குடித்ததும் என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது.

"மேடம், இது எங்க வீட்டு நீராகாரம். வெங்காயம் மட்டுந்தான் இல்ல."

அருணாதேவி மேசையைத் தட்டினார். "இதான் சார்! இத்தனை பேர் குடிச்சுட்டு என்னென்னமோ இங்கிலீஷ்ல சொன்னாங்க. இதைத்தான் எவனும் சொல்லலை. அட்டையில ஒரு சட்டியும் சின்ன வெங்காயமும் போடுங்க."

ஆர்டர் கையில் வந்துவிட்ட மாதிரிதான். நான்காவது டம்ளர் கன்னங்கரேல் என்று இருந்தது, மேலே காப்பி நிறத்தில் நுரை. அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டியபோது போன் அதிர்ந்தது. பிரஸ் குரூப்பில் செழியன் போட்டிருந்தான். செழியன் எங்கள் மிஷின்மேன்.

ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து. எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை.

மாரிசெல்வி வேலை பார்ப்பது ஏழாயிரம்பண்ணைப் பக்கம்தான். அங்கே காட்டுக்குக் காடு கம்பெனி இருக்கிறது. அத்தனை கம்பெனிகளில் எதுவோ ஒன்று, அவளுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டே அவள் நம்பரை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் நினைவு வந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வேனிலிருந்து இறங்கியதும் கேட்டில் வாட்ச்மேன் அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் எல்லாரும் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாயங்காலம்வரை என் தொல்லை இல்லை என்று அவள் சந்தோஷப்படுகிற விஷயம் அது.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

எடுக்காமல் இருப்பதுதான் சரி என்று தேற்றிக்கொண்டேன். அவள் உள்ளே உட்கார்ந்து திரி சுற்றிக்கொண்டிருக்கிறாள். வெடித்தது வேறெங்கோ. செழியனைக் கூப்பிட்டேன்.

"எந்தக் கம்பெனின்னு தெரிஞ்சதாடே?"

அவனுக்குப் பின்னால் மிஷின் சத்தம் இல்லை. மிஷினை நிறுத்திவிட்டார்கள் என்றால் பிரஸ்ஸில் எல்லாரும் என் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"தண்ணித்தொட்டிக் கம்பெனின்னு சொல்றாங்கண்ணே."

அதுதான் அவள் கம்பெனி.

"அண்ணே, பதறாதீக. நெறையப் பேரு காட்டுக்குள்ள ஓடிட்டாகளாம். ஓடுனவுக ஒவ்வொருத்தரா கேட்டுக்குத் திரும்பி வந்து போன எடுத்துக்கிட்டுப் போறாகளாம். அண்ணாச்சி காரெடுத்துட்டுப் போயிருக்காரு. அண்ணி நம்பருக்கு அடிச்சுப் பாத்தீகளா?"

"அடிக்குது. யாரும் எடுக்கல."

செழியனாவது சொல்லியிருக்கலாம், ஏதாவது ஒரு பொய். போன் அடிக்கிறது என்றால் டப்பில் கிடக்கிறது. டப்பில் கிடக்கிறது என்றால் அவள் திரும்பி வந்து எடுக்கவில்லை. ஒரு போன் அணைந்து கிடந்தால் ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். அடிக்கிற போனுக்குச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

மறுபடி அடித்தேன். மறுபடி. ஒவ்வொரு தடவையும், அது அடிக்கக் கூடாது, அவள் குரல் வர வேண்டும், இல்லாவிட்டால் அணைந்தாவது போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கெஞ்சினேன். சாமிகள் அந்தக் கடையின் பாட்டுச் சத்தத்தில் நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருக்க வாய்ப்பில்லை. என் பிரார்த்தனையில் புளித்த பீர் வாடை வேறு.

பக்கத்து மேசையிலிருந்து தாடிக்காரப் பையன் ஒருவன் என் பக்கம் குனிந்தான்.

"அங்கிள், இந்த ஆறுல எது பெஸ்ட்?"

"நாலாவது நல்லாருக்கு" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நான்காவதை நான் குடிக்கவே இல்லை. அவன் நன்றி சொல்லிவிட்டு அதையே ஆர்டர் செய்தான்.

அப்போது தெரியாத நம்பர் ஒன்று குறுக்கே வந்தது. வெட்டிவிட்டு மாரிசெல்விக்கு அடித்தேன். மறுபடி அதே நம்பர். நமக்கு உயிர் போகிற நேரம் பார்த்துத்தான் லோன் வேண்டுமா சார் என்று கேட்பார்கள். வெட்டினேன். அருணாதேவி அருகில் வந்து, "என்னாச்சு சார்?" என்றார். சொல்ல வாயைத் திறந்தேன். பட்டாசு என்ற வார்த்தை வந்தது, அதற்குமேல் வரவில்லை. அவர் போய்ப் பாட்டை நிறுத்தினார். கடையே திரும்பி என்னைப் பார்த்தது.

மூன்றாவது முறையும் அதே நம்பர். எடுத்தேன்.

"லோனும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், போன வைய்யா! எம்பொண்டாட்டி..."

"ஏங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஏங்க, நாந்தான். கேக்குதா? எனக்கு ஒண்ணும் கேக்கல. காதுக்குள்ள ஙொய்யுனு இருக்கு. நீங்க பேசுனாலும் கேக்காது, நாஞ் சொல்றத மட்டும் கேளுங்க."

"மாரி! மாரி, நல்லாருக்கியா? அடி பட்டுச்சா?" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்காது என்று இப்போதுதான் சொன்னாள். இருந்தும் கத்தினேன்.

"நான் ரொம்பத் தூரம் ஓடியாந்துட்டேன். கருவேலங்காட்டுக்குள்ள. காலெல்லாம் முள்ளு. ஒரு டிராக்டர்காரரு போன்ல பேசுறேன். எடுத்தீகளா இல்லையான்னுகூட எனக்குத் தெரியல, எடுத்துட்டீகன்னு அவருதான் கையக் காட்டுறாரு."

என் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அவள் நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது. போனில் 'வீடு' என்று போட்டு வைத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்தவன் நான்.

"நான் குடிச்சிருக்கேன் மாரி" என்றேன். எதற்கு அதைச் சொன்னேன்? சொல்வதற்கு வேறு ஒன்றுமே தோன்றவில்லை.

"ஏங்க, கேளுங்க. கேட்டுல என் போன் கெடக்கு. மிச்சம் கெடக்குற போன வச்சுத்தான் உள்ள ஆருன்னு பேரெழுதுவாக. எம்பேர எழுதிறப் போறாக. எங்கம்மா டிவியில பாத்துச்சுன்னா அந்த எடத்துலேயே உசுர விட்டுரும். நீங்க என் போனுக்கு அடிச்சு, ஆரு எடுத்தாலும் நான் உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க." அவள் குரல் உடைந்தது. "குருவம்மாக்கா எம்பின்னாலதான் வந்துச்சு. திரும்பிப் பாத்தேன், காணம்."

லைன் போய்விட்டது.

நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். பீர்க் கடையில் அழுகிற ஆளை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை, அந்த ஒரு வசதி உண்டு. அருணாதேவி ஈரக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். குருவம்மாள் எங்கள் தெருதான். மாரிசெல்வியோடு ஒரே வேனில் போகிறவள், ஜன்னல் சீட்டை இவளுக்கு விட்டுத்தராமல் தினமும் சண்டை போடுகிறவள்.

சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துவிட்டு மாரிசெல்வி போனுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. அவள் பிழைத்துவிட்டாள், ஆனால் அவள் போன் கணக்கில் இன்னும் பிழைக்கவில்லை. விடாமல் அடித்தேன். கடைசியில் யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம், பொம்பளைகள் கதறுகிற சத்தம்.

"அலோ! ஆரு பேசுறது? எடுத்துட்டீகள்ல, பேசுங்க!"

"கேட்டு வாட்ச்மேன் இருளாண்டி பேசுறேன்." வயதான குரல். "தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. எதுனாலும் ஆஸ்பத்திரியில போயி..."

"அண்ணே, வச்சிராதீக! இந்தப் போன்காரி மாரிசெல்வி உசுரோட இருக்கா. காட்டுக்குள்ள ஓடிட்டா. இப்பத்தான் எங்கிட்டப் பேசுனா. அவ பேர எழுதிராதீக."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அது அழுகையாகவும் இருக்கலாம்.

"மகராசி. எழுதிட்டாகப்பா. இரு, பேர அழிக்கச் சொல்றேன்." யாரிடமோ உரக்கச் சொன்னார். திரும்பி வந்தார். "அழிச்சாச்சு. நெசமா பேசுனாளா? உங்கூடப் பேசுனாளா?"

"பேசுனாண்ணே. ஏன் இம்புட்டு நேரம் போன எடுக்கல நீங்க? நான் இங்கன செத்துப் பொழச்சேன்."

"எடுத்து என்ன சொல்லச் சொல்ற? முதல்ல அடிச்ச போன எடுத்தேன். ஒரு அம்மா, எம்மகன் எங்கன்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் எந்தப் போனையும் தொட எனக்குத் தெம்பில்லப்பா. உன்னுது நிக்கவே மாட்டேன்னுருச்சு, அதான் எடுத்தேன்."

அவர் பேச்சுக்குப் பின்னால் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. நின்றது. திரும்ப ஆரம்பித்தது. இத்தனை நேரம் நான் அடித்தது அந்தப் பக்கம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. இப்படித்தான் கேட்டிருக்கிறது.

"அண்ணே, அது ஆரு போனு?"

"தெரியலப்பா. பச்சை உறை போட்டுருக்கு. கடைசியா இது ஒண்ணுதான் டப்புல கெடக்கு. 'மக திருப்பூரு'ன்னு பேரு வருது."

குருவம்மாளின் மகள் பாண்டிமீனாவைத் திருப்பூரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. நாங்கள் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் பரிமாறினோம்.

"எடுங்கண்ணே" என்றேன்.

"ஏலே, ஒனக்கென்ன, ஒம்பொண்டாட்டி பொழச்சுட்டா. நான் என்னத்தச் சொல்வேன்?"

"தெரியலன்னு சொல்லுங்க. தேடிக்கிட்டிருக்காகன்னு சொல்லுங்க. காட்டுக்குள்ள ஓடுனவுக இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்காக, அது பொய்யில்லையே. எதுவுமே சொல்ல வரலன்னா அந்தப் புள்ளைகூடச் சேர்ந்து அழுங்க. அடிக்கவிட்டுட்டு மட்டும் நிக்காதீக. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ணே, இம்புட்டு நேரமும் நான் அந்தப் பக்கம் இருந்தேன்."

பச்சை உறைப் போன் நின்றது. திரும்ப ஆரம்பித்தது.

"நீ வச்சிறாத. நீ இரு" என்றார் இருளாண்டி.

"இருக்கேண்ணே."

மாரிசெல்வியின் போனை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. பச்சை உறைப் போனின் மணி சட்டென்று அறுந்தது.

"அலோ... அம்மா... நான் கேட்டு வாட்ச்மேன் பேசுறேன்மா. இல்லம்மா, அழாத. கேளு. இன்னும் தெரியலம்மா. வந்துக்கிட்டிருக்காக ஒவ்வொருத்தரா. நான் இங்கனதான் நிக்கேன். இல்ல, எங்கயும் போகல, நிக்கேன்..."

அருணாதேவி பலகையைச் சத்தமில்லாமல் என் முன்னாலிருந்து எடுத்தார். தாடிக்காரப் பையனும் அவன் டம்ளரைத் தொடாமல் வைத்திருந்தான். நான் ஊர்ப் பக்கம் போகிற முதல் வண்டியைப் பிடிக்க வேண்டும், மாரிசெல்வியின் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், அந்த டிராக்டர்காரர் நம்பருக்குத் திரும்ப அடிக்க வேண்டும். எல்லாம் தெரிகிறது. ஆனால் இருளாண்டி இருக்கச் சொல்லியிருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.