சொட்டுக் குறையாத வண்டி

அந்த வீட்டில் காரின் நாற்றத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசக் கூடாது என்று எவரும் சொன்னதும் இல்லை. சொல்லப்படாத காரணத்தாலேயே அந்த விதி மீற முடியாததாக இருந்தது. ஏறியதும் மூச்சை அடக்கிக்கொள்வது, முகம் துடைக்க எடுத்த கைக்குட்டையை மூக்கருகே ஒரு கணம் கூடுதலாக நிறுத்துவது, உதட்டைச் சற்றே திறந்து வாய்வழியாக மூச்சு விடுவது என ஒவ்வொருவரும் தமக்கேற்ற உபாயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியை மட்டும் எவரும் இறக்குவதில்லை. இறக்கினால் அது குற்றச்சாட்டு ஆகிவிடும். கார் மாமனாருடையது.

அன்று காலையும் மருமகள் முன் இருக்கையில் உட்கார்ந்து காலை ஊன்றியபோது தரைவிரிப்பு காலணிக்கடியில் பொதக்கென்று அமுங்கியது. அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பும், நனைந்த நாயின் மயிரும், மூடி வைத்து மறந்துபோன சாப்பாட்டு டப்பாவும் ஒன்றாகச் சேர்ந்த நாற்றம். அந்த இனிப்புதான் அவளுக்கு மிகவும் அருவருப்பூட்டியது. வெறும் நாற்றமாக இருந்தால் பழகிவிடலாம். இது தன்னை வாசனை என்று சொல்லிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கப் பார்த்தது. அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஊரார் சிறுநீரையும் சளியையும் கையாண்டுவிட்டு, கை கழுவி, அடுத்த அறையில் நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவள். அங்கே ஒவ்வொரு குப்பியின் மீதும் இது இன்னாருடையது என்று எழுதி ஒட்டியிருக்கும். இங்கே கார் மாமனாருடையது; நாற்றம் மட்டும் யாருடையதும் இல்லை.

"அம்மா, வருது," என்றாள் பின்னிருக்கையில் மகள். பள்ளித் திருப்பம் இன்னும் வரவில்லை. மருமகள் உடம்பைத் திருப்பி, வாந்திக்கென்று வைத்திருந்த பையை விரித்துப் பிடித்தாள். குழந்தையின் வயிற்றிலிருந்து மஞ்சள் நிற நீர் மட்டுமே வந்தது.

"மறுபடியுமா?" மாமனார் கண்ணாடியில் பார்த்தார். "காலையில என்ன குடுத்தீங்க இவளுக்கு?"

"ஒண்ணும் குடுக்கல மாமா. வெறும் வயிறு."

"அப்ப வெறும் வயிறுதான் காரணம்."

முந்தைய நாள் பால் காரணமாக இருந்தது. அதற்கு முன்பு முட்டை. மருத்துவரும் ஒரு சிரப்பை எழுதிக் கொடுத்துவிட்டார், அவர் அந்தக் காரில் ஏறிப் பார்க்கவில்லை என்பதால். குழந்தையின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முதல் மணி நேரத்தில் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறாள் என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். இவளுக்குப் பயணமே ஒத்துக்கொள்ளாது, விடுமுறை முடிந்ததும் பக்கத்துத் தெருப் பள்ளிக்கே மாற்றிவிடலாம் என்று மாமனார் இரவுச் சாப்பாட்டின்போது தீர்ப்புச் சொன்னார். கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். குழந்தை இந்தப் பள்ளியில்தான் முதன்முதலாக ஒரு தோழியைச் சம்பாதித்திருந்தாள். ஒரு கார் நாறுவதற்காக ஒரு குழந்தை பள்ளி மாற வேண்டும் என்ற விபரீதத்தை அந்தச் சாப்பாட்டு மேசை எந்தச் சலனமும் இல்லாமல் விழுங்கி ஏப்பம் விட்டது.

மாமனார் எடை, அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாள் முழுக்கப் பிறர் தராசில் குறை கண்டுபிடித்த மனிதருக்குத் தன் பொருளில் ஒரு குறை இருக்கக்கூடும் என்பது ஒழுக்கக்கேட்டைப் போலத் தோன்றியிருக்க வேண்டும். ஞாயிறுதோறும் பானெட்டைத் தூக்கி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் நீரின் டப்பாவைப் பழந்துணியால் துடைத்து, கோட்டளவு நிறைந்திருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டுவார். "பாத்தீங்களா? சொட்டு குடிக்காது. இந்தக் காலத்து வண்டி நிக்குமா இது முன்னாடி?" பக்கத்து வீட்டுக்காரர் பாராட்டிவிட்டு இரண்டடி தள்ளியே நிற்பார்.

டப்பா நிறைந்திருந்ததற்குக் காரணம் வேறு. காலையில் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விடும் சாக்கில் மாமியார் ஒரு ஜக்குத் தண்ணீரை அதிலும் விட்டுவிடுவாள். மாலையில் காரைத் துடைப்பதாகச் சொல்லிக் கணவன் ஒரு பாட்டில் ஊற்றுவான். மருமகள், பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையின் பாட்டிலில் மிஞ்சியதை ஊற்றுவாள். ஒருவர் ஊற்றுவது இன்னொருவருக்குத் தெரியாது. அல்லது தெரியாது என்பதாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவள் மூடியைத் திறந்தபடி நின்றபோது கணவன் கையில் பாட்டிலோடு வந்து நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கண்ணாடி துடைக்கிறியா?" என்றான்.

"ஆமா."

"நானும் அதுக்குத்தான் வந்தேன்."

கையும் களவுமாகப் பிடிபட்ட இருவர் ஒருவருக்கொருவர் ஜாமீன் கொடுத்துக்கொண்ட அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மீதே குமட்டிக்கொண்டு வரும்.

மெக்கானிக்கிடம் போக நேர்ந்ததற்கும் நாற்றம் காரணமாகக் காட்டப்படவில்லை. முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிசுக்கான ஆவி படிந்து, எத்தனை முறை துடைத்தாலும் மீண்டும் படிந்தது. உறவினர் வீட்டுக்கு எல்லோருமாகக் கிளம்பிய சனிக்கிழமை, அந்த மங்கலில் மாமனார் யாருடைய வாசற்கதவிலோ மோதப் போய் மயிரிழையில் நிறுத்தினார். "ஏ.சி.ய ஒரு தடவை பாத்துடலாம்," என்று அவராகவே வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினார்.

மெக்கானிக் நடுவயதுக்காரன். கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டவன் அதே வேகத்தில் வெளியே எடுத்து, சட்டைக் காலரை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். குடும்பம் மொத்தமும் அதைப் பார்க்காததுபோல் எதிர்ச் சுவரைப் பார்த்தது. முன் இருக்கைப் பக்கத்துத் தரைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். அது தரையிலிருந்து பிரியும்போது புண்ணிலிருந்து கட்டுத்துணியைப் பிய்ப்பதுபோல ஒரு சத்தம். அடியில் இருந்த பஞ்சு கறுத்து, கூழாகி, சாம்பல் நிறப் பூஞ்சை மயிர்போல முளைத்துக் கிடந்தது. நடுவில் வெளிறிய புழு ஒன்று நெளிந்தது. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை நாளாகத் தன் கால் இதன் மேல்தான் இருந்தது என்று எண்ணியபோது மருமகளுக்கு உள்ளங்காலிலிருந்து மயிர்க்கூச்செறிந்தது.

"கூலண்ட் குறையுதா சார்? எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊத்துறீங்க?"

"ஊத்துறதா? என் வண்டி சொட்டு குடிக்காது தம்பி. வாரா வாரம் நானே பாக்கறேன்."

மெக்கானிக் பஞ்சைப் பிழிந்து, விரல்களுக்கிடையே ஈரத்தைத் தேய்த்துப் பார்த்தான். "கூலண்ட்னா கலர் இருக்கும், வழவழன்னு இருக்கும். இது வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கு. லெவலும் குறையலன்னா, ஏ.சி. தண்ணி போற குழாய் அடைச்சிருக்கும். ஊதி விட்டுடறேன், சரியாயிடும்."

மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று பேரும் மாறி மாறி ஊற்றிய தண்ணீர் கூலண்டின் நிறத்தையும் வழவழப்பையும் கழுவித் தள்ளியிருந்தது; தடயத்தையே அழித்திருந்தார்கள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இவன் ஒரு குழாயை ஊதி அனுப்பிவிடுவான். மறுபடி இதே ஈரம், இதே பை, விடுமுறைக்குப் பிறகு பக்கத்துத் தெருப் பள்ளி. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கைப்பேசியில் எதையோ அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஏ.சி.யிலயும் ஒண்ணும் இருக்காது," என்றார் மாமனார். "பாப்பாதான் பாட்டிலத் திறந்து கொட்டியிருப்பா. என்ன பாப்பா?"

குழந்தை தாத்தாவைப் பார்த்தாள். பாட்டியைப் பார்த்தாள். அப்பாவின் குனிந்த தலையைப் பார்த்தாள்.

"ஆமா தாத்தா. நான்தான் கொட்டினேன்."

ஈரம் முன்னால் இருந்தது. குழந்தை எப்போதும் பின்னால்தான் உட்காருவாள். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். "பரவாயில்ல விடு, சின்னப் பிள்ளைதானே," என்று மாமனார் பெருந்தன்மையோடு அவள் தலையைத் தடவினார். அந்தப் புழுவைக் கண்டபோது வராத குமட்டல் மருமகளுக்கு இந்த மன்னிப்பைக் கண்டபோது வந்தது. எவரும் கற்றுத் தராமலேயே குழந்தை விதியைப் படித்து முடித்திருந்தாள்.

"அவ கொட்டல," என்றாள் மருமகள் மெக்கானிக்கிடம். "நாங்கதான் டப்பால ஊத்திக்கிட்டே இருக்கோம். தினமும். நான் கொஞ்சம், இவரு ஒரு பாட்டில், அத்தை ஒரு ஜக்கு."

மெக்கானிக் ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்தான். "மூணு பேரா? அப்ப நீங்க கார் வெச்சிருக்கலம்மா, மாடு வளத்திருக்கீங்க."

அவன் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க அந்த இடத்தில் அளவுமானி வைத்த கைப்பம்பைப் பொருத்தி அழுத்தினான். முள் ஏறியது, ஏறிய உடனே சரியத் தொடங்கியது. டாஷ்போர்டுக்கு அடியில், ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரிலிருந்து, பழுப்பு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. புதியது கிடைக்கும்வரை ஹீட்டர் வேண்டாம் என்று, அதற்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் கழற்றி, ஒரு குட்டை இரும்புக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கினான். பழைய நீரை வடித்தபோது தொட்டியில் விழுந்தது நீராக இல்லை. துருவும் பாசியும் கலந்த கொழகொழப்பு, கட்டிகட்டியாக. கழுவி, புதுக் கூலண்ட் ஊற்றி, மறுபடி பம்பு அடித்தான். முள் அசையாமல் நின்றது. மாமனார் அந்த முள்ளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அளவுகளை மதித்தே வாழ்ந்தவர்.

பிறகு காரில் ஏறி, கைக்குட்டையால் ஸ்டியரிங்கைத் துடைத்து, எஞ்சினைக் கிளப்பினார். "சின்ன லீக்குதான். ஏறுங்க, நேரமாச்சு."

தரைவிரிப்பு குப்பைக்குப் போய்விட்டிருந்தது; ஆனால் நாற்றம் இருக்கைகளின் பஞ்சுக்குள் குடியிருந்தது. மாமியார் பின்னால் ஏறினாள். கணவன் முன்னால் ஏறிக் கதவைப் பாதி சாத்தியபடி, "ஏறு, வீட்டுல பேசிக்கலாம்," என்று கிசுகிசுத்தான். குழந்தை அதற்குள் கன்னங்களை உப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள். மருமகள் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"நாறுது மாமா."

ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு மேலாக அவள் குரல் பட்டறைச் சுவரில் பட்டுத் திரும்பியது.

"வண்டி நாறுது. ரொம்ப நாளா நாறுது. பாப்பா வயித்துல ஒண்ணும் இல்ல, இந்த நாத்தத்துலதான் வாந்தி எடுக்கறா. அவ பள்ளிக்கூடம் மாற மாட்டா. நாங்க நடந்தே வர்றோம்."

மாமனாரின் கைகள் இரண்டும் ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தன. மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைத் தேவைக்கு அதிகமாகத் துடைத்தான். அப்போது பின்கதவுப் பக்கத்திலிருந்து கறகறவென்று ஒரு சத்தம் கேட்டது. மாமியாரின் ஜன்னல் கண்ணாடி விக்கி விக்கி இறங்கியது. பாதியில் சிக்கி நின்றது. அதன் விளிம்பில் நான்கு விரல்கள் தோன்றி, முழு பலத்தையும் திரட்டி அதைக் கீழே அழுத்தின.