குழல் முனைப் புழுதி

சக பீரங்கிக்காரன் ஹார்ட்விக்கின் வண்டி நேற்று எதிரி கண்ணில் எப்படி மாட்டிக்கொண்டது என்பது மட்டும் வெண்டலினுக்குப் பிடிபடவே இல்லை.

டாங்கி வேட்டைக்கென்றே செய்த ஜெர்மன் வண்டி அது. சுழலும் தலை கிடையாது. பீரங்கி முன்தகட்டிலேயே பதிந்திருக்கும். அதனால் உயரம் ஓர் ஆள் அளவுதான். புதருக்குள் படுத்துவிட்டால் பக்கத்தில் வருபவனுக்குக்கூடத் தெரியாது. வீரர்கள் அதை வாத்து என்பார்கள். ஹார்ட்விக் முதல் குண்டிலேயே ஒரு ரஷ்ய டாங்கியை எரித்தான். இரண்டாவது குண்டு எங்கோ போனது. மூன்றாவதைச் சுட அவன் இல்லை. உள்ளே இருந்த நால்வரும் முடிந்துபோனார்கள்.

இன்று அதே லிதுவேனியச் சாலைக்கு வெண்டலினின் வாத்து வண்டி காவல். பீரங்கியைச் சுடுபவன் அவன். தொலைவில் எஞ்சின்கள் உறுமத் தொடங்கியிருந்தன.

ஹார்ட்விக்கின் கருகிய வண்டியைச் சுற்றி வந்தான். நேர் முன்னால் இருந்த உருளைக்கிழங்குச் செடிகள் பச்சையாகவே நின்றன. குழல் முனைக்கு இடமும் வலமும் இருந்தவை மட்டும் விசிறி விரித்தாற்போல் வெளுத்துக் கிடந்தன.

"செத்தவன் பக்கத்துல கிழங்கு தோண்டுறியாடா?" என்றான் டிரைவர் கோர்பினியான்.

"இங்க பாரு. புழுதி ரெண்டு பக்கம்தான். முன்னாடி இல்ல."

குழல் முனையில் இருபுறமும் துளையிட்ட இரும்புக் கட்டை ஒன்று திருகியிருக்கும். குண்டின் பின்னால் சீறிவரும் புகையை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். பீரங்கியின் உதை குறையும். உயரமான டாங்கிக்கு நல்ல ஏற்பாடு. இங்கோ குழல் தரையிலிருந்து நெஞ்சளவுகூட இல்லை. புகை காய்ந்த மண்ணில் அறைந்தது. எழுந்த புழுதி எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தது. ஹார்ட்விக்கின் கண்ணையும் மறைத்தது.

"அந்தக் கட்டைய கழட்டிடலாம் சார்," என்றான் வெண்டலின், தன் வண்டித் தலைவர் லோசேயிடம்.

"உதை தாங்குமாடா? பீரங்கி பின்னால வந்து உன் மூஞ்சில உக்காரப்போவுது."

"எவ்ளோ பின்னால வருதுன்னு காட்டுற முள்ளு இருக்குல்ல சார். இதுவரைக்கும் சுட்டப்ப எல்லைக்கு நாலு விரக்கடை மிச்சம் இருந்துச்சு. தாங்கும்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறியா?"

"கழட்டலன்னா என்ன ஆவும்னு நல்லாத் தெரியும் சார்."

லோசே சாலையைப் பார்த்தார். உறுமல் நெருங்கியிருந்தது. பெரிய ஸ்பேனரை அவரே எடுத்து வந்தார்.

முதல் டாங்கி வளைவில் தலைகாட்டியதும் வெண்டலின் சுட்டான். வண்டி பின்னால் துள்ளியது. முள் எல்லைக்கு ஒரு விரல் முன்பே நின்றது. செடிகள் லேசாக ஆடின, அவ்வளவுதான். எரியும் டாங்கி தெளிவாகத் தெரிந்தது. அதன் பின்னால் வந்தது எங்கே சுடுவதென்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது. அதற்கும் பின்னால் இன்னும் ஒன்பது.

"எண்ணாதடா, சுடு," என்றார் லோசே.

சுட்டான். இந்த முறையும் புழுதி எழவில்லை. குழல் இவ்வளவு தாழ்ந்திருக்கும் வண்டிக்கு முனையில் அந்தக் கட்டை கூடாது, கழற்றிவிட்டால் போதும்.